ஓதிக் கட்டிய கயிறு

சுபஹுத் தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திய சபியா உம்மா உடனே அடுப்படிக்குப் போகவில்லை. குசினிக் கதவின் நிலையைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றாள். உள்ளே பலகைத் தட்டில், முந்திய மாலை அவள் உறை ஊற்றி வைத்த தயிர்ச் சட்டிகள் வரிசையாக இருந்தன. தன் கையால் மூடிய சட்டியைத் தானே திறக்க அஞ்சும் ஒரு காலம் வரும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"பிஸ்மில்லாஹ்..."

முதற் சட்டியின் கடதாசியை நீக்கி மெல்லச் சரித்தாள். உள்ளிருந்தது தண்ணீராய் ஓடியது. மேலே மெல்லிய ஓர் ஆடை. அதன் கீழே புளிப்பென்றும் சொல்ல முடியாத, மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு மணம். அடுத்த சட்டியும் அவ்வாறே. அதற்கடுத்ததும்.

"என்ன மதினி, இண்டைக்கும் அதுதானா?"

தங்கையின் கணவன் காலிதீன் சைக்கிளை முற்றத்தில் சாத்திவிட்டுப் பின்னால் வந்து நின்றான். சட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியவன் அவன்.

"ஓம் தம்பி... தண்ணியாத்தான் ஓடுது. எனக்கி ஒண்டும் விளங்குதில்ல..."

"ஒங்களுக்கு விளங்காட்டி வேற யாருக்கு விளங்கும்? ஹமீட் காக்கா நேத்துக் கடைக்குள்ள அத்தினை ஆக்களுக்கு முன்னால கேக்கிறார், 'என்ன காலிதீன், தயிர் தாறியா, தயிர்ச்சட்டி கழுவின தண்ணி தாறியா?' எண்டு. இருந்தவனெல்லாம் சிரிக்கிறான்! நோம்பும் வருது. நோம்புக்குத் தயிர் குடுக்கேலாட்டி நான் என்னத்துக்கு மாடு வளக்கிற?"

வாசற்படியில் வெற்றிலைத் தட்டத்தோடு குந்தியிருந்த சல்மா உம்மா நிமிர்ந்தாள். அவள் காலிதீனின் தாய்; நோன்பு வரை மகனோடு தங்கிப் போகலாமென்று சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்தாள்.

"அவளக் கேட்டு என்ன மனே செய்யிற? உறையில பிழையெண்டா உறைய மாத்தலாம். கையில பறக்கத்து இல்லாட்டி என்னத்த மாத்துற?"

"உறையும் மாத்திப் பாத்தன் மாமி. பாண்டிருப்புக் கனகேஸ்வரிட்டத்தான் வாங்கின. அதே உறையில அவட வீட்டுத் தயிர் கல்லு மாதிரி இரிக்கி..."

"அதத்தானேகா நானும் சொல்லுறன்! அவட கையில உறையிது. ஒன்ட கையில உறையல்ல. வகுத்துலயும் ஒண்டும் உறையல்ல, சட்டியிலயும் ஒண்டும் உறையல்ல!"

சபியா உம்மாவின் விரல்கள் சட்டி விளிம்பில் இறுகின. அவள் சல்மா உம்மாவைப் பார்க்கவில்லை. அடுப்பின் முன்னே ரொட்டி புரட்டிக்கொண்டிருந்த தங்கை கமீலாவைப் பார்த்தாள். ஒரேயொரு சொல்... 'அப்படிச் சொல்லாதீங்க மாமி' என்றொரு சொல். கமீலா தலையைக் குனிந்துகொண்டாள். ரொட்டி கருகத் தொடங்கியது.

சபியா உம்மா நின்றிருந்த அந்தக் குசினியும், அது ஒட்டியிருந்த கல்வீடும், அந்த வளவும் ஒரு காலத்தில் அவளுடையவை. பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை படியேறும் ஊர் இது. அவளுடைய வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு அது. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்தபோது, அவளுடைய கணவன் மீராசா சாகாமத்துப் பக்கம் மேய்ச்சலில் நின்ற மாடுகளைப் பார்க்கவென்று போனான். மாடுகளும் திரும்பவில்லை; அவனும் திரும்பவில்லை. கமீலாவுக்கென்று பாதியில் நின்ற வீடும் அதே காற்றில் தரையோடு தரையானது. தாயும் தகப்பனும் மௌத்தாகிவிட்ட நிலையில், வீடில்லாத கமீலாவுக்குக் காலிதீனைப் பேசி வந்தார்கள். கணவனுக்கான துக்கக் காலமாகிய இத்தா இருந்து முடித்த சபியா உம்மா அதிகம் யோசிக்கவில்லை. "எனக்கி இனி ஒரு மூலை போதும்" என்று சொல்லித் தன் வீட்டைத் தங்கையின் பேருக்கு எழுதிவைத்தாள்.

அந்த மூலை, குசினியோடு ஒட்டிய சிற்றறை. கணவனில்லை, பிள்ளையில்லை என்ற வெறுமையை அவளிடமிருந்து மறைத்து நின்றவன் கமீலாவின் மகன் அபுல் ஹஸன். பெற்றவள் கமீலா, தூக்கியதும் ஊட்டியதும் தாலாட்டியதும் பெரியும்மா. அவன் சிறு குழந்தையாய் இருந்தபோது தொண்டை நோவுக்கு ஆஸ்பத்திரியில் பென்சிலின் ஊசி போட்டார்கள். போட்ட சிறிது நேரத்தில் முகமெல்லாம் வீங்கி மூச்சுத் திணறினான். அன்றும் அவனை மடியில் கிடத்திக் கலிமா சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். "இந்த மருந்து இவனுக்கு ஆயுசுக்கும் ஆகாது" என்று டொக்டர் சொன்ன சொல் அவள் நெஞ்சில் ஆணி அடித்ததுபோல் இருந்தது.

அந்தப் பிள்ளைக்குத்தான் இப்போது கொஞ்சக் காலமாக உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. காலையில் வரும், வெயில் ஏற ஏறத் தணியும். சொறிந்து சொறிந்து தோல் சிவக்கும். குப்பைமேனி அரைத்துப் பூசினாள். வேப்பிலை அவித்துக் குளிக்க வார்த்தாள். ஒன்றுக்கும் அடங்கவில்லை.

ஒன்றில் மட்டும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

கொட்டிலில் எருமைகளோடு நின்ற ஒரேயொரு வெள்ளைப் பசு, சூறாவளிக்குப் பின் காலிதீன் ஆசையோடு வாங்கிய சீமைக் கலப்பு. கறப்பதும் மடி கழுவுவதும் காலிதீனின் வேலை. பால் வடிகட்டப்பட்டு வாளியில் அடுப்படிக்கு வந்த பிறகுதான் சபியா உம்மாவின் வேலை தொடங்கும். ஆகவே மாடுகளைப் பற்றி அவள் அதிகம் அறியாள். ஆனால் ஒருநாள் சாணம் அள்ளப் போனவள், பசுவின் கழுத்தில் புதிதாய் ஒரு சிவப்புக் கயிற்றைக் கண்டாள்.

"கமீலா, இது என்னகா மாட்டுல கயிறு?"

கமீலா மாட்டின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"லெப்பை... லெப்பை ஓதிக் கட்டின ராத்தா. கண்ணூறு படாம இரிக்க."

சபியா உம்மா அந்தக் கயிற்றைத் தொட்டு முத்தமிட்டாள். குர்ஆன் ஓதிக் கட்டிய கயிறு கிடக்கும் கழுத்தல்லவா! அந்தப் பசுவின் பால் வேறு. மற்றப் பால் வேறு. அன்றிலிருந்து அவள் பசுவின் பாலில் முதல் கோப்பையைப் பிள்ளைக்கென்று தனியே எடுத்துக் காய்ச்சினாள். மீதியைத்தான் எருமைப் பாலோடு கலந்து உறை ஊற்றினாள். ஒவ்வொரு காலையும் அபுல் ஹஸனை மடியில் இருத்தி, அவன் தலையைத் தடவி, "குடி மனே... இது ஓதின பால். ஒன்ட வருத்தமெல்லாம் போயிரும்" என்று ஊட்டினாள்.

வருத்தம் போகவில்லை. நாளுக்கு நாள் கூடியது.

அன்று, தயிர்ச் சட்டிகள் வளவுக்குள் கொட்டப்பட்ட அந்தக் காலையில், பிள்ளையின் உதடும் ஒரு பக்கமாய்த் தடித்திருந்ததைச் சல்மா உம்மா கண்டாள். வெற்றிலைத் தட்டம் படியில் உருண்டது.

"இஞ்ச பாருங்க புள்ளட முகத்த! இனியும் நான் வாயப் பொத்திக்கிட்டு இரிக்க மாட்டன். இது மலட்டுக் கண்ணுடா காலிதீன்! புள்ளையப் புள்ளையப் பாத்துப் பெருமூச்சு விடுற கண்ணு! பாலும் கெட்டுப்போச்சு, புள்ளையும் கெட்டுப்போகுது. இந்தக் கண்ணு இந்த வீட்டுக்குள்ள இரிக்கிற வரைக்கும் ஒனக்கு விடிவில்ல!"

"மாமீ...!" சபியா உம்மாவின் குரல் உடைந்தது. "என்ன என்னவும் சொல்லுங்க... தயிருக்குச் சொல்லுங்க, கேட்டுக்கிறன். அவன என்ட கண்ணு... அவன நான் அப்படிப் பாப்பனா? அல்லாஹ் பொறுப்பானா?"

காலிதீன் வானத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மதினியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"மதினி, கோவிக்க வேணாம்... கொஞ்ச நாளைக்கி அக்கரைப்பற்றில மீராசா மச்சான்ட ராத்தா வீட்டில போய் இரிங்களன். நோம்பு முடியட்டும். பிறகு பாப்பம்."

சபியா உம்மா மீண்டும் தங்கையை நோக்கினாள். கமீலாவின் கண்கள் கணவனைத் தொட்டுப் பிள்ளையின் தலையில் வந்து நிலைத்தன. பின் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

'நீயுமா கமீலா...?'

சபியா உம்மா தன் சிற்றறைக்குள் போனாள். அக்கரைப்பற்றிலிருந்த அந்த மச்சி, ஆமினா உம்மாவின் வீட்டுக்கு எடுத்துப்போக இரண்டு சேலை, ஒரு தொழுகைப் பாய், மீராசாவின் தஸ்பீஹ் மணி. அவ்வளவுதான் அவளுக்கென்று இருந்தது; ஒரு பொட்டளியாய்க் கட்டிக்கொண்டாள். புறப்படுமுன் ஒரு வேலையை மட்டும் செய்தாள். அன்றைய பசுப்பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆற்றி, பிள்ளையின் பீங்கான் கோப்பையில் ஊற்றி மூடினாள்.

"கமீலா," என்று அறை வாசலில் நின்று சொன்னாள். "புள்ளட பால் இரிக்கி. ஓதின மாட்டுப் பால். நான் இல்லையெண்டு குடுக்காம விட்டிராத."

உள்ளேயிருந்து விம்மல் மட்டும் வந்தது.

பிரதான வீதி அந்த ஒழுங்கையின் முனையிலேயே இருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவளுடைய பொட்டளியைக் கண்டு எங்கே பயணம் என்று கேட்டார்கள். "மச்சிட்ட..." என்றாள். சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள். தன் வீட்டிலிருந்து தான் அனுப்பப்படுகிறாள் என்பது அந்த முகத்தைப் பார்ப்பவர்க்குத் தெரியக்கூடாது என்பதே அப்போது அவளுடைய ஒரே கவலை. பஸ் தூரத்தில் தெரிந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ராத்தா...! என்ட புள்ள... ராத்தா...!"

பொட்டளி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஒழுங்கையில் செருப்பில்லாமல் ஓடினாள். முற்றத்தில் கமீலாவின் கையில் பிள்ளை துவண்டு கிடந்தான். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. நெஞ்சுக்குழி உள்வாங்கி உள்வாங்கி மேலெழுந்தது. மூச்சோடு ஒரு விசில் ஒலி. காலடியில் பீங்கான் கோப்பை வெறுமையாய்க் கிடந்தது. சல்மா உம்மா தண்ணீரை ஓதிக்கொண்டிருந்தாள். காலிதீன் இன்றும் தயிர் இல்லையென்று சொல்லச் சந்தைக்குப் போயிருந்தான்.

"குடு இஞ்ச!"

பறித்தெடுத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வீதிக்கு ஓடி நடுவில் நின்றாள். மீன் ஏற்றிவந்த லொறியொன்று சக்கரம் கிறீச்சிட நின்றது. சாரதி எதுவும் கேட்கவில்லை. கமீலாவும் பின்னால் தொற்றிக்கொண்டாள். "யா அல்லாஹ், என்ட உசிர எடு... இவன விடு... என்ட உசிர எடு..." ஆஸ்பத்திரி வரும்வரை சபியா உம்மாவின் வாயில் வேறு சொல் இல்லை.

ஊசி ஏற்றிய பிறகு, பிள்ளையின் மூச்சு மெல்ல மெல்லச் சீருக்குத் திரும்பியது. இளம் டொக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"இவனுக்கு முந்தி இப்படி எப்பவாவது வந்ததா?"

"ஒருக்கா வந்த ஐயா. சின்னப் புள்ளையில. பென்சிலின் ஊசி போட்டு."

"அப்ப இண்டைக்கும் அந்த மருந்துதான் எப்படியோ உள்ள போயிருக்கு. என்ன குடுத்தீங்க? குளிசை? பாணி மருந்து?"

"அல்லாஹ் காவல்! அந்த மருந்த நாங்க வீட்டுக்குள்ளயும் எடுக்கிறல்ல. பால் மட்டுந்தான் குடிச்ச. நான்தான் காய்ச்சி வெச்ச."

"மாட்டுப் பாலா?" டொக்டரின் புருவம் சுருங்கியது. "மாட்டுக்கு மடி வீக்கம் ஏதும்? மடிக்குள்ள மருந்து ஏத்தினீங்களா?"

"இல்ல ஐயா. அந்த மாட்டுக்கு ஒரு குறையுமில்ல. லெப்பை ஓதிக் கயிறு கட்டியிரிக்கி..."

"அது ஓதின கயிறு இல்ல ராத்தா...!"

கமீலா சுவரோடு சரிந்து தரையில் விழுந்தாள். இரு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது ஓதின கயிறு இல்ல... மாட்டு டொக்டர் கனகரெத்தினம் ஐயா கட்டின. மடி வீங்கி மருந்து ஏத்தினவர். 'இந்தக் கயிறு கிடக்கிற வரைக்கும் இந்த மாட்டுட பாலக் கீழ ஊத்துங்க, ஒருத்தரும் குடிக்கப்பொடா' எண்டு சொல்லித்தான் கட்டின... இவர் கேக்கல்ல. வீக்கம் திரும்பத் திரும்ப வர, கடையில மருந்து வாங்கித் தானே ஏத்தினார். இண்டைக்கு விடியவும் ஏத்தினார். 'மருந்துப் பாலெண்டு பேர் வந்தா கல்முனையில ஒரு சட்டி போகாது. ஒன்ட ராத்தாக்குச் சொல்லாத, அவ அல்லாஹ்வுக்குப் பயந்து முழுப் பாலையும் ஊத்திப்போடுவா. காய்ச்சினா மருந்து போயிரும்' எண்டார்..."

"காய்ச்சினாலும் போகாது," என்றார் டொக்டர், தாழ்ந்த குரலில். "உறையையும் அதுதான் சாகடிக்கும். தயிர் உறைஞ்சிருக்காதே?"

கமீலாவின் காதில் அது விழவில்லை. தமக்கையின் கால்களை நோக்கி ஊர்ந்து வந்தாள்.

"என்ட புள்ளட தலையில கைய வெச்சுச் சத்தியம் வாங்கினார் ராத்தா. வாயத் திறந்தா, சத்தியத்த முறிச்சா, புள்ளைக்கு ஏதும் ஆகிருமெண்டு பயந்தன். மாமி ஒன்ன ஏச ஏச என்ட நெஞ்சு வெடிச்சிச்சு... சத்தியத்தக் காப்பாத்தி... புள்ளைய இப்படிக் கிடத்திப்போட்டன்! என்னக் கொல்லு ராத்தா... என்னக் கொல்லு...!"

சபியா உம்மாவின் பார்வை தன் வலது கையில் விழுந்தது. தயிரைக் கெடுத்த கை என்று ஊர் சொன்ன கை. அது குற்றமற்றது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் அந்தத் தெளிவில் அவளுக்கு ஆறுதல் எதுவும் இல்லை.

"இந்தக் கையாலதானே குடுத்தன்..." என்றாள், தனக்குள் பேசுபவள்போல. "ஒவ்வொரு நாளும் பிஸ்மில் சொல்லிச் சொல்லிக் குடுத்தன். வேணாமெண்டு அழுதான். ஓதின பாலெண்டு வாயத் திறந்து ஊத்தினன். நீ பொய் சொன்ன கமீலா... நானல்லவா ஊத்தினன்!"

அதன் பிறகுதான் அவள் அழுதாள். தரையில் இருந்து, தங்கையின் தலையை மடியில் இழுத்துப் போட்டு, அவள் முதுகில் அடித்து அடித்து அழுதாள். அடித்த கையாலேயே அவள் முடியை ஒதுக்கினாள்.

காலிதீன் மாலையில் வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்று பிள்ளையைப் பார்த்தவன், "மதினி..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பித் தோள்கள் குலுங்க நின்றான். சல்மா உம்மா மட்டும் வரவில்லை. ஒரு போத்தலில் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தாள், யாருக்கென்று சொல்லவில்லை.

பிள்ளையோடு வீடு திரும்பியதும் சபியா உம்மா முதலில் செய்த வேலை, இருந்த பால் முழுவதையும் தென்னையடியில் ஊற்றியது. யாரும் தடுக்கவில்லை. மறுநாள் இறைச்சிக்கடைக்காரன் ஒருவன் வெள்ளைப் பசுவைக் கேட்டு வந்தான். பீடை பிடித்த மாட்டை அறுக்கக் கொடுத்துவிடும்படி சல்மா உம்மா சொல்லியனுப்பியிருந்தாள். காலிதீன் மதினியைப் பார்த்தான். இம்முறை முகத்தைப் பார்த்தான்.

"அதுட இறைச்சியிலயும் அந்த மருந்து கிடக்குமெண்டு டொக்டர் சொன்னார் தம்பி," என்றாள் அவள். "நம்மட புள்ள ஒண்டு. ஊரில எத்தினை புள்ள?"

காலிதீன் கடைக்காரனை வாசலோடு திருப்பியனுப்பினான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போய், கனகரெத்தினத்தைக் கையோடு கூட்டிவந்தான். கயிறு பசுவின் கழுத்திலேயே கிடந்தது. அது கிடந்த நாட்கள் முழுவதும் பசுவின் பால் நிலத்துக்குப் போயிற்று. கடைசியில் கனகரெத்தினமே வந்து கயிற்றை அவிழ்த்தார்.

அன்று மாலை சபியா உம்மா பசுப்பாலையும் எருமைப் பாலையும் கலந்து காய்ச்சி, ஒரேயொரு சட்டியில் உறை ஊற்றினாள். விடிந்ததும் அதைத் திறக்கவில்லை. அயலவர்கள் வீதியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்த பொட்டளியைக் கையில் எடுத்தாள்.

கமீலா வாசலை மறித்தாள். "எங்க ராத்தா...? நீ மன்னிச்சிட்டாய் எண்டல்லவா நான் நினைச்சன்!"

"மன்னிச்சிட்டன்கா. அல்லாஹ் மேல ஆணையா மன்னிச்சிட்டன்."

"அப்ப ஏன்? இது ஒன்ட வீடு. வாப்பா ஒனக்கெண்டு கட்டின வீடு..."

"வீட்டக் குடுத்ததுக்கு நான் ஒருநாளும் கவலப்படல்ல," என்றாள் சபியா உம்மா. அவள் குரலில் கோபமில்லை. அதுதான் கமீலாவை மேலும் அழவைத்தது. "ஆனா நான் இந்த வீட்டு ஆள் எண்டா, மாட்டுக்கு மருந்து போட்டத எனக்கிச் சொல்லியிருப்பீங்க. ஒளிக்க வேண்டிய ஆளாத்தான் இந்த வீட்டுக்குள்ள இத்தினை வருஷம் இருந்திரிக்கன். அது தெரிஞ்ச பிறகு எனக்கி இஞ்ச நித்திர வராதுகா. ஆமினா மச்சிக்கும் ஒரு துணை வேணும். பெருநாளைக்கிப் புள்ளையக் கூட்டிட்டு வா."

தூங்கிக்கிடந்த அபுல் ஹஸனின் நெற்றியில் முத்தமிட்டாள். கமீலாவின் கன்னத்தை இரு கைகளாலும் ஒருமுறை பிடித்துவிட்டாள். "சட்டிய நீயே திற" என்று சொல்லிப் படியிறங்கினாள்.

பஸ் நின்றது. ஏறி, ஒழுங்கையின் பக்கமாய் யன்னலோரம் அமர்ந்தாள். அப்போது ஒழுங்கை முனையில் கமீலா ஓடிவந்தாள். தலையில் முக்காடில்லை; கையில் தயிர்ச் சட்டி. அயல்வீட்டுப் பெண்கள் கதவுகளுக்கு வந்துவிட்டார்கள். சல்மா உம்மாவும் வேலியோரம் நின்றாள்.

"பாருங்க! எல்லாரும் பாருங்க! மாமி, நீங்களும் பாருங்க! என்ட ராத்தாட கை...!"

சட்டியைத் தன் தலைக்கு நேரே உயர்த்தி அப்படியே கவிழ்த்துப் பிடித்தாள். தயிர் அசையவில்லை. பஸ் நகரும்வரை கமீலா அதை இறக்கவேயில்லை. தாயைத் தேடி நித்திரைக் கண்ணோடு ஓடிவந்த பிள்ளை, அவள் காலடியில் நின்று, கவிழ்ந்த சட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்; விழுந்தால் ஏந்திக்கொள்ளலாமென்று இரண்டு கைகளையும் நீட்டியபடி.